கன்சோல் ஷூட்டர் கேம்களில் லேக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எதிரியின் தலைக்குக் குறி வைத்து அழுத்துகிறீர்கள், குண்டு பட்ட சத்தம்கூடக் கேட்கிறது, ஆனால் விழுந்து கிடப்பது நீங்கள். சுட்டவரின் பார்வையில் திரும்பக் காட்டும் கில்கேமராவில் பார்த்தால் நீங்கள் சுடவே இல்லை, சும்மா மரம் மாதிரி நின்றுகொண்டிருக்கிறீர்கள். கன்சோலில் ஷூட்டர் ஆடுகிற யாருக்கும் லேக் என்கிற தாமதம் தரும் இந்த எரிச்சலை விளக்கத் தேவையில்லை. கூட ஆடுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்று இல்லை, ஆனால் 3ஆவது கேள்வியைத் தாண்டிவிட்டு நேராக செட்டிங்ஸை நோண்டப் போகாதீர்கள்.

1. ஸ்பீடு டெஸ்ட்டில் 200 எம்பிபிஎஸ் வருகிறது. அப்புறமும் ஏன் லேக் அடிக்கிறது?

ஸ்பீடு டெஸ்ட் சொல்வது ஒரு விநாடியில் எவ்வளவு டேட்டா வந்து விழும் என்பதை. ஷூட்டருக்கு வேண்டியதோ ஒரு சின்னப் பாக்கெட், அதாவது தகவல் பொட்டலம், எவ்வளவு சீக்கிரம் போய்த் திரும்புகிறது என்பது. ஒன்று குழாயின் அகலம், மற்றது குழாயின் நீளம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சர்வர் விநாடிக்கு 64 தடவை உங்களுக்குத் தகவல் அனுப்புகிறது, ஒவ்வொன்றும் 200 பைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 12,800 பைட், அதாவது சுமார் 0.1 எம்பிபிஎஸ். நிஜத்தில் கேமுக்குக் கேம் கூடும் குறையும், ஆனால் 200 எம்பிபிஎஸ் லைனில் மேட்ச் தொடுவது ஒரு ஓரத்தை மட்டும்தான். 200ஐ 500 ஆக்கினால் அப்டேட் சீக்கிரம் இறங்கும். மேட்ச் அப்படியே இருக்கும். லேக்குக்காக யாராவது பெரிய பிளானுக்கு மாறச் சொன்னால், காரணம் கேளுங்கள்.

கவனிக்க வேண்டியவை மூன்று. பிங் என்பது பாக்கெட் சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம், மில்லி விநாடியில். ஜிட்டர் என்பது அந்த நேரம் எவ்வளவு முன்னே பின்னே ஆடுகிறது என்பது. பாக்கெட் லாஸ் என்பது வழியிலேயே தொலைந்துபோகும் பாக்கெட்டுகளின் விகிதம். ஷூட்டர் கேம்கள் பெரும்பாலும் யுடிபி என்ற முறையில் பேசுகின்றன, அதில் தொலைந்த பாக்கெட்டை யாரும் தானாகத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். வீடியோ பார்க்கும்போது தொலைந்தது திரும்ப வரும், முன்கூட்டியே சேமித்து வைத்ததும் கையில் இருக்கும், அதனால் உங்களுக்குத் தெரிவதில்லை. கேமில் அடுத்த கணத்தை முன்கூட்டியே சேமிக்க முடியாது, அது இன்னும் நடக்கவே இல்லையே.

2. பிங் எவ்வளவு இருந்தால் சரி?

என் கணக்கில் 50க்குள் இருந்தால் பிங்கை மறந்துவிட்டு ஆடலாம். 80 வரை பெரிய குறையில்லை. 100ஐத் தாண்டினால் நேருக்கு நேர் மோதலில் தெரிய ஆரம்பிக்கும், 150க்கு மேல் போனால் பக்கத்தில் நின்று சுடும் துப்பாக்கிகளை எடுப்பதே வீண்.

ஆனால் எண்ணைவிட அது ஆடாமல் நிற்பதுதான் முக்கியம். ஒருவருக்கு 68, 70, 69, 71 என்று வருகிறது. இன்னொருவருக்கு 20, 85, 25, 110. சராசரி பார்த்தால் இரண்டாமவருக்கு 60தான், முதலாமவரைவிடக் குறைவு. ஆனால் இருவரில் யாருடைய கன்சோலை வாங்கி ஆடுவீர்கள் என்று கேட்டால் நான் யோசிக்காமல் முதலாமவருடையதை எடுப்பேன். சீரான தாமதத்துக்குக் கையும் கண்ணும் இரண்டு மூன்று மேட்சில் பழகிவிடும். ஆடிக்கொண்டே இருக்கும் தாமதத்துக்கு எப்படிப் பழகுவது?

3. சரி, எங்கே அளப்பது, எப்படி அளப்பது?

கன்சோலில் இருக்கும் டெஸ்ட்டில் ஆரம்பியுங்கள். எக்ஸ்பாக்ஸில் நெட்வொர்க் செட்டிங்ஸுக்குள் வேகத்தையும் புள்ளிவிவரத்தையும் சோதிக்கும் பகுதியில் தாமதமும் பாக்கெட் லாஸும் தெரியும். பிளேஸ்டேஷன் 5இல் இணைப்பைச் சோதித்தால் வேகமும் நேட் டைப்பும் (10ஆவது கேள்வியில் விளக்கம்) கிடைக்கும். ஆனால் இவையெல்லாம் கன்சோல் கம்பெனியின் சர்வர் வரை போய் வந்த கணக்கு. உங்கள் மேட்ச் நடக்கும் சர்வர் வேறு எங்கோ இருக்கும். அதனால் கேமுக்குள்ளேயே காட்டும் எண்ணைத்தான் நம்ப வேண்டும். கால் ஆஃப் டியூட்டியில் சர்வர் தாமதத்தையும் பாக்கெட் லாஸையும் திரை ஓரத்தில் காட்ட ஆப்ஷன் இருக்கிறது, ஃபோர்ட்நைட்டில் நெட்வொர்க் புள்ளிவிவரத்தை ஆன் செய்யலாம், ஏபெக்ஸ் லெஜண்ட்ஸில் ஆரம்பத் திரையிலேயே டேட்டா சென்டர் பட்டியல் பிங்கோடு வரும்.

அடுத்தது முக்கியமான சோதனை, இதைச் செய்கிறவர்கள் குறைவு. ஒரு லேப்டாப்பைக் கன்சோல் இருக்கும் இடத்திலேயே வைத்து, கன்சோல் எந்த வழியில் இணைந்திருக்கிறதோ அதே வழியில் இணைத்து, முதலில் ரவுட்டருக்கே பிங் அடியுங்கள் (கமாண்ட் திரையில் ping என்று எழுதி முகவரியைக் கொடுப்பது). ரவுட்டர் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. ஐந்து நிமிடம் ஓடட்டும். 1, 2, 1, 3 என்று வந்தால் வீட்டுக்குள் பிரச்சினை இல்லை. 2, 3, 74, 2, 140 என்று எகிறினால் இணையக் கம்பெனியைத் திட்ட வேண்டாம், வியாதி உங்கள் ரவுட்டருக்கும் கன்சோலுக்கும் நடுவிலேயே இருக்கிறது. ரவுட்டர் வரை சுத்தமாக இருந்தால் கூகுளின் பொது சர்வரான 8.8.8.8க்கு அடித்துப் பாருங்கள். அங்கே எகிறினால் கோளாறு ரவுட்டரில், அல்லது அதற்கு அப்பால் லைனில். அதுவும் சுத்தம், கேமுக்குள் மட்டும் மோசம் என்றால் கேம் சர்வர் அல்லது அதற்குப் போகும் பாதை.

இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். நான்கை ஒரே நாளில் மாற்றினால் எது பலித்தது, எது கெடுத்தது என்று கடைசி வரை தெரியாது.

4. ட்ரிகரை அழுத்தினால் லேட்டாகச் சுடுகிறது. இதுவும் நெட்வொர்க் லேக்தானே?

பெரும்பாலும் இல்லை. இணையமே தேவையில்லாத பயிற்சிப் பகுதிக்குப் போய் சுட்டுப் பாருங்கள். அங்கேயும் கை மந்தமாக இருந்தால் குற்றவாளி டிவி. படத்தை அழகாக்குகிறேன் என்று டிவி உள்ளே செய்யும் வேலைகள் நேரத்தைத் தின்னும், சில டிவிகளில் அது 100 மில்லி விநாடியையும் தாண்டும். கேம் மோடை ஆன் செய்தால் அதில் பெரும்பகுதி போய்விடும். இரண்டு நாள் ரவுட்டரோடு மல்லுக்கட்டிவிட்டுக் கடைசியில் டிவி ரிமோட்டில் தீர்ந்த கதைகள் உண்டு. படம் திக்கித் திக்கி நின்று, ஆனால் திரையில் பிங் சீராக இருந்தால் அது ஃபிரேம் (விநாடிக்குக் கன்சோல் வரையும் படங்கள்) குறைவது, அதற்கும் இணையத்துக்கும் சம்பந்தமில்லை.

எதிரிகள் இங்கிருந்து அங்கே தாவுவது, நீங்கள் ஓடிய தூரம் பின்னால் இழுக்கப்படுவது, சுட்ட குண்டு கணக்கில் வராமல் போவது, இவைதான் நெட்வொர்க்கின் முகங்கள்.

5. கேபிள் போட்டால் உண்மையிலேயே வித்தியாசம் தெரியுமா?

தெரியும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு யோசனையைத்தான் கேட்பேன் என்றால் இதை எடுத்துக்கொண்டு போங்கள்.

வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். உங்கள் கன்சோல், வீட்டிலுள்ள போன்கள், டிவி, அதே சேனலில் இருக்கும் பக்கத்து வீட்டு ரவுட்டர், எல்லாம் ஒன்றையொன்று கவனித்து, காலியாக இருக்கிறதா என்று பார்த்து, முறை வந்ததும் பேசுகின்றன. இரண்டு ஒரே நேரத்தில் பேசிவிட்டால் மோதி வீணாகும், திரும்ப அனுப்ப வேண்டும். இந்தக் காத்திருப்புதான் ஜிட்டராகத் தெரிகிறது. சிக்னல் ஐந்து கட்டமும் நிரம்பியிருந்தாலும் இது நடக்கும், ஏனென்றால் கட்டம் காட்டுவது சிக்னலின் பலத்தை, கூட்டத்தை அல்ல. கேபிளில் இந்த வரிசையே கிடையாது, போவதற்கும் வருவதற்கும் தனித்தனிப் பாதை.

2017இல் வந்த முதல் நின்டெண்டோ ஸ்விட்ச்சை டிவியோடு இணைக்கும் டாக்கில் கேபிள் செருகும் லேன் போர்ட் இல்லை, யுஎஸ்பி லேன் அடாப்டர் போட வேண்டும். 2021இல் வந்த ஓஎல்இடி மாடலின் டாக்கில் போர்ட் உண்டு. பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் இரண்டிலும் பின்பக்கம் பாருங்கள், இருக்கும்.

ஒரு எச்சரிக்கை: கேபிள் போட்டும் மோசமாக இருந்தால் கேபிளையே சந்தேகப்படுங்கள். என் கேபிளின் முனையில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் கொக்கி உடைந்து போயிருந்தது. போர்ட்டில் மாட்டினால் நிற்கும், லைட்டும் எரியும், ஆனால் பக்கத்தில் நடந்தாலே லேசாக நழுவும். மேட்சில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூன்று விநாடி எல்லாம் உறைந்து நிற்கும். சர்வரைத் திட்டினேன், கேமைத் திட்டினேன், ரவுட்டரைக்கூட மாற்றினேன். டிவிக்குப் பின்னால் தூசி துடைக்கப் போனபோது கேபிள் கையோடு வந்துவிட்டது.

6. விலை கூடிய கேட் 8 கேபிள் வாங்கலாமா?

வேண்டாம். கேட் 5இ கேபிளே 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் தாங்கும். வீட்டுக்குள் பிங் ஒரு மில்லி விநாடிகூட மாறாது.

7. கேபிள் இழுக்க வழியே இல்லை. வைஃபையிலேயே என்ன செய்யலாம்?

முதலில் வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாறுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான், அதிலேயே புளூடூத்தும் மைக்ரோவேவ் அவனும் குடியிருக்கின்றன. யாரோ உணவைச் சூடு பண்ணும் இரண்டு நிமிடமும் உங்கள் பிங் தாறுமாறாகப் போனால் அது கற்பனை இல்லை. 5 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டும்போது சீக்கிரம் பலமிழக்கும், ஆனால் ஒரே அறையிலோ அடுத்த அறையிலோ ரவுட்டர் இருந்தால் அதுதான் சரி. சில ரவுட்டர்கள் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துக் கன்சோலை இஷ்டத்துக்கு மாற்றி மாற்றி இணைக்கும், அப்படியென்றால் ரவுட்டரில் இரண்டுக்கும் தனிப் பெயர் வைத்து 5இல் மட்டும் இணையுங்கள். 2013இல் வந்த முதல் பிளேஸ்டேஷன் 4 வைத்திருப்பவர்கள் தேடி அலைய வேண்டாம், அதில் 5 கிகாஹெர்ட்ஸ் கிடையாது, 2016இல் வந்த ஸ்லிம்மிலும் புரோவிலும்தான் வந்தது.

அடுத்து இடம். ரவுட்டர் தரையிலோ அலமாரிக்குள்ளோ உலோகச் சாமானுக்குப் பின்னாலோ இருக்கக் கூடாது. கன்சோலும் அப்படித்தான், டிவி ஸ்டாண்டின் மூடிய பெட்டிக்குள் வைத்து டிவியால் மறைத்துவிட்டு சிக்னல் வரவில்லை என்றால் எப்படி வரும்? ஒரு அடி முன்னால் இழுத்து வைத்துப் பாருங்கள்.

ரிப்பீட்டர் என்கிற சின்னப் பெட்டியை நான் ஷூட்டருக்குச் சொல்ல மாட்டேன். வாங்கியதை அதே காற்றில் திரும்பச் சொல்வதால் காத்திருப்பு இரட்டிப்பாகும். மெஷ் (பல வைஃபை பெட்டிகள் சேர்ந்து ஒரே நெட்வொர்க்காக வேலை செய்யும் ஏற்பாடு) போட்டால் பெட்டிகளுக்கு நடுவே கேபிள் இருந்தால் அருமை. அது முடியாவிட்டால், மெஷ் பெட்டிக்கும் கன்சோலுக்கும் நடுவிலாவது ஒரு சின்னக் கேபிள் போடுங்கள். சுவரில் உள்ள மின்சார வயர் வழியாகவே நெட்வொர்க்கை அனுப்பும் பவர்லைன் அடாப்டரும் உண்டு. வயரிங் பழையதாக இருந்தால் சுமாராகத்தான் வேலை செய்யும், ஆனால் வைஃபையே எட்டாத அறைக்கு அது பரவாயில்லை. திருப்பிக் கொடுக்க வசதி இருந்தால் மட்டும் வாங்குங்கள், ஏனென்றால் உங்கள் சுவருக்குள் என்ன இருக்கிறது என்பதைப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

8. நன்றாகப் போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று நான்கைந்து நிமிடம் ஆட முடியாமல் ஆகிவிடும். என்ன இது?

இதை நான் சொந்தமாக அனுபவித்தேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். தினமும் இரவு ஒன்பதேகால் வாக்கில் என் பிங் 38லிருந்து 400க்குப் போகும். பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகும். மாலையில் எல்லோரும் இணையத்தில் இருக்கிறார்கள், கம்பெனி லைன் நெரிசல் என்று நானே ஒரு தீர்ப்பு எழுதிவிட்டேன். ஒரு நாள் ஆடாமல் உட்கார்ந்து ரவுட்டர் பக்கத்தைத் திறந்து எந்தக் கருவி எவ்வளவு அனுப்புகிறது என்று பார்த்தேன். ஒன்பதேகாலுக்கு வீட்டில் ஒருவர் போனைச் சார்ஜில் போடுகிறார். சார்ஜில் போட்டதும், வைஃபையும் இருப்பதால், அன்றைக்கு எடுத்த போட்டோக்களும் வீடியோக்களும் மொத்தமாக மேலே ஏற ஆரம்பிக்கின்றன. அப்லோட் லைன் முழுவதும் அதற்கே போய்விடுகிறது.

இதற்குப் பெயர் பஃபர்புளோட். 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் தன் வீட்டு இணைப்பை ஆராயப் போய்க் கண்டுபிடித்து இந்தப் பெயரை வைத்தார். ரவுட்டரிலும் மோடமிலும் பாக்கெட்டுகள் வரிசையில் நிற்க ஒரு இடம் இருக்கிறது. ஒரு பாக்கெட்டும் வீணாகக் கூடாது என்று அந்த இடத்தை அளவுக்கு மீறிப் பெரிதாக வைத்துவிடுகிறார்கள். அப்லோட் 10 எம்பிபிஎஸ், வரிசையில் 1 மெகாபைட் நிற்கிறது என்று வையுங்கள். 1 மெகாபைட் என்பது 8 மெகாபிட், அது வெளியே போக 0.8 விநாடி ஆகும். நீங்கள் ட்ரிகரை அழுத்திய அந்தச் சின்னப் பாக்கெட் அத்தனை போட்டோக்களுக்கும் பின்னால் போய் நிற்கிறது. சுடுவதற்கு 800 மில்லி விநாடி! பாக்கெட் தொலையவில்லை, லைன் அறுந்துபோகவில்லை, ஸ்பீடு டெஸ்ட்டும் சுத்தமாக வரும், வரிசையில் நிற்கும் நேரம் மட்டும்தான்.

சோதிப்பது சுலபம். லேப்டாப்பில் 8.8.8.8க்குப் பிங் ஓடவிட்டு, இன்னொரு கருவியில் ஒரு பெரிய வீடியோவை மேலே ஏற்றுங்கள். 20 இருந்தது 30, 40 ஆனால் கவலையில்லை. 300, 500 என்று ஏறினால் கையும் களவுமாகப் பிடித்துவிட்டீர்கள்.

9. பிடித்துவிட்டேன். எப்படிச் சரி செய்வது?

காசு செலவில்லாத வழி: யார் அப்லோட் செய்கிறார்கள் என்று கண்டுபிடித்து நேரத்தை மாற்றுவது. போன் பேக்கப், கம்ப்யூட்டரின் கிளவுட் சிங்க், இணையத்துக்கு எப்போதும் வீடியோ அனுப்பும் பாதுகாப்பு கேமரா, இந்த மூன்றும்தான் வழக்கமான ஆட்கள். கேமராவைப் பலர் மறந்துவிடுகிறார்கள், அது ராத்திரி பகல் பார்க்காமல் அனுப்பிக்கொண்டே இருக்கும்.

சரியான வழி: ரவுட்டரில் எஸ்க்யூஎம் என்ற வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இது வரிசையைக் குட்டையாகவே வைத்திருக்கும், பெரிய பைல்களுக்கு நடுவே சின்னப் பாக்கெட்டுகளை முந்தவிடும். இதன் அடித்தளமான கோடெல் முறையை 2012இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் வெளியிட்டார்கள். அதிலிருந்து வளர்ந்த எஃப்க்யூ கோடெல், கேக் என்ற பெயர்களை மெனுவில் பார்த்தால் தயங்காமல் ஆன் செய்யுங்கள். ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளை ஏற்ற முடிந்த பழைய ரவுட்டரிலும் இவற்றைப் போடலாம்.

ஆன் செய்துவிட்டு வேகத்தை நிரப்பும்போது, உங்கள் லைனின் நிஜ வேகத்தில் சுமார் 90 சதவீதம் போடுங்கள். அப்லோட் 10 வருகிறதென்றால் 9. ஏன் ஒரு எம்பிபிஎஸ்ஸை வீணாக்க வேண்டும்? வரிசை உங்கள் ரவுட்டருக்குள் நின்றால்தான் அதை நீங்கள் ஒழுங்குபடுத்த முடியும். முழு வேகம் போட்டால் வரிசை மோடமுக்குள் போய்விடும், அங்கே உங்கள் பேச்சு எடுபடாது. கேபிளுக்கு அடுத்தபடியாக எனக்குப் பலன் தந்தது இதுதான். இப்போது போன் பேக்கப் ஓடும்போதும் பிங் 45ஐத் தாண்டுவதில்லை.

எஸ்க்யூஎம் இல்லை, க்யூஓஎஸ் மட்டும் இருக்கிறது என்றால் கன்சோலுக்கு முன்னுரிமை கொடுத்துப் பாருங்கள். சிலவற்றில் உதவும். சிலவற்றில் அது பெயரளவுக்குத்தான் இருக்கிறது. 8ஆவது கேள்வியில் சொன்ன அதே சோதனையை முன்னும் பின்னும் செய்தால் உண்மை தெரிந்துவிடும்.

10. நேட் டைப் ஸ்ட்ரிக்ட் என்று வருகிறது. இதனால்தான் லேக்கா?

நேரடியாக இல்லை. நேட் என்பது வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் ஒரே வெளி முகவரியைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. அது இறுக்கமாக இருந்தால் வெளியிலிருந்து உங்களை யாரும் தொடர்புகொள்ள முடியாது. அதனால் பார்ட்டி சாட் அறுபடும், நண்பர் லாபியில் சேர முடியாது, மேட்ச் கிடைக்க நேரமாகும். மேட்ச் கிடைத்துப் பெரிய டேட்டா சென்டர் சர்வரில் ஆட ஆரம்பித்துவிட்டால் ஸ்ட்ரிக்ட்டாக இருந்தாலும் ஓப்பனாக இருந்தாலும் பிங் ஒன்றுதான். ஆனால் ஆடுகிறவர்களில் ஒருவருடைய கன்சோலே சர்வராக இருக்கும் கேம்களில், உங்களால் இணைய முடிகிற ஆட்கள் குறைந்து, தூரத்தில் இருப்பவரோடு போய்ச் சேர்வீர்கள், அப்போது லேக் வரும்.

எக்ஸ்பாக்ஸில் ஓப்பன், மாடரேட், ஸ்ட்ரிக்ட். பிளேஸ்டேஷனில் டைப் 1, 2, 3. ஸ்விட்ச்சில் ஏ, பி, சி, டி, எஃப். பிளேஸ்டேஷனில் டைப் 2 இருந்தால் போதும், அதை 1 ஆக்க முயன்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி செய்ய, ரவுட்டரில் யூபிஎன்பி என்பதை (கன்சோல் கேட்கும் வழியைத் தானாகத் திறந்துவிடும் வசதி) ஆன் செய்து ரவுட்டரையும் கன்சோலையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். பலருக்கு இதிலேயே வேலை முடிந்துவிடும். முடியவில்லை என்றால் போர்ட் ஃபார்வர்டிங், அதாவது குறிப்பிட்ட எண்ணுள்ள வழியைக் கன்சோலுக்கு நாமே திறந்துவிடுவது. எக்ஸ்பாக்ஸுக்கு முக்கியமானது யுடிபி 3074. அதற்கு முன் ரவுட்டரில் கன்சோலுக்கு நிலையான முகவரி ஒதுக்க வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு அந்த முகவரி வேறு போனுக்குப் போய்விடும். வீட்டில் கம்பெனி கொடுத்த மோடம் ரவுட்டரும் நீங்கள் வாங்கிய ரவுட்டரும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக இருந்தால் இரட்டை நேட். கம்பெனிப் பெட்டியை ரவுட்டர் வேலை செய்யாமல் வெறும் மோடமாக இருக்கும் பிரிட்ஜ் மோடில் போடச் சொல்லுங்கள்.

எல்லாம் செய்தும் அசையவில்லையா? ரவுட்டர் பக்கத்தில் வெளி முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரை ஏதாவதில் ஆரம்பித்தால், கம்பெனியே ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறது. உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் பயனில்லை. தனி பொது முகவரி தருவார்களா என்று கம்பெனியிடம்தான் கேட்க வேண்டும்.

11. டிஎன்எஸ்ஸை 1.1.1.1 என்று மாற்றினால் பிங் குறையுமாமே?

குறையாது. டிஎன்எஸ் என்பது பெயரைக் கேட்டு முகவரி சொல்லும் விசாரணை ஜன்னல். மேட்ச் ஆரம்பித்த பிறகு கன்சோல் அந்த ஜன்னல் பக்கமே போவதில்லை. உங்கள் கம்பெனியின் டிஎன்எஸ் அடிக்கடி படுத்துவிட்டால் மாற்றுங்கள், லாகின் சுலபமாகும், அவ்வளவுதான்.

12. எம்டியூவை 1473 என்று போடச் சொல்கிறார்கள்?

விட்டுவிடுங்கள். எம்டியூ என்பது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, தானாக அமைவதே சரி.

13. சுவருக்குப் பின்னால் வந்துவிட்டேன், அப்புறமும் செத்துப்போகிறேன். எதிராளி ஏமாற்றுகிறாரா?

பெரும்பாலும் ஏமாற்றில்லை, கேம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கோபம் போய்விடும்.

1996இல் குவேக் வந்தபோது, இணையத்தில் ஆடினால் முன்னே போகும் பட்டனை அழுத்திவிட்டு சர்வர் பதில் சொல்லும் வரை காத்திருக்க வேண்டும். மோடம் இணைப்பில் அது ஐஸ் மேல் நடப்பது போல இருந்தது. அந்த ஆண்டு இறுதியில் இணைய ஆட்டத்துக்காக வந்த குவேக்வேர்ல்டில், குவேக்கின் புரோகிராமர் ஜான் கார்மாக், சர்வருக்குக் காத்திருக்காமல் உங்கள் நடையை உங்கள் மெஷினிலேயே உடனே காட்டும் முறையைக் கொண்டுவந்தார். இன்றைய ஷூட்டர்கள் எல்லாம் அதே வழிதான். ஆக, உங்கள் திரையில் நீங்கள் நிகழ்காலத்தில் இருக்கிறீர்கள், மற்றவர்கள் எல்லாம் கொஞ்சம் பழைய காலத்தில் இருக்கிறார்கள். அவர்கள் திரையில் நீங்கள் பழையவர்.

இப்போது அந்தச் சுவரைப் பாருங்கள். இருவருக்கும் பிங் 60. நீங்கள் சுவருக்குப் பின்னால் பாய்ந்த தகவல் சர்வரை அடைய 30 மில்லி விநாடி, அங்கிருந்து எதிராளிக்குப் போக இன்னொரு 30, அசைவு திக்காமல் தெரிவதற்காகக் கேம் பிடித்து வைக்கும் தாமதம் ஒரு 40 என்று வைத்தால் மொத்தம் 100. விநாடிக்கு 5 மீட்டர் ஓடுகிறீர்கள் என்றால் அந்த நேரத்தில் அரை மீட்டர் போயிருப்பீர்கள். உங்கள் திரையில் உடம்பு முழுக்க சுவருக்குள். அவர் திரையில் தோள் இன்னும் வெளியே. அவர் சுடுகிறார். சர்வர் காலத்தைப் பின்னால் திருப்பி, சுட்ட கணத்தில் அவர் என்ன பார்த்தார் என்று கணக்கிட்டு, பட்டது என்று தீர்ப்பு சொல்கிறது. இதைச் செய்யாவிட்டால் ஓடுகிறவரைச் சுட எல்லோரும் காற்றில் முன்னால் குறி வைக்க வேண்டியிருக்கும். யாராவது ஒருவருக்கு அநியாயம் நடந்தே தீரும், கேம் சுடுகிறவர் பக்கம் சாய்ந்துகொள்கிறது.

இதே காரணத்தால்தான் மூலையிலிருந்து பாய்ந்து வருகிறவருக்கு, காத்திருப்பவரைவிட ஒரு கண் இமைக்கும் நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது.

14. டிக் ரேட் என்றால்?

சர்வர் விநாடிக்கு எத்தனை தடவை உலகத்தைக் கணக்கிடுகிறது என்பது. வாலரண்ட் 128, அதாவது 7.8 மில்லி விநாடிக்கு ஒருமுறை. ஏபெக்ஸ் 20, அதாவது 50க்கு ஒருமுறை. இது கேம் கம்பெனி கையில் இருக்கிறது, நம்மால் மாற்ற முடியாது. சில கேம்களில் மட்டும் பிங் நன்றாக இருந்தும் ஒரு மந்தம் தெரிந்தால் காரணம் இதுவாக இருக்கலாம் என்று தெரிந்துகொள்ள மட்டும்.

15. சர்வரை நானே தேர்ந்தெடுக்கலாமா?

கேம் அனுமதித்தால் கட்டாயம் செய்யுங்கள், தானியங்கித் தேர்வு சில நேரம் விசித்திரமான இடத்துக்கு அனுப்பும். ஒளி, ஃபைபருக்குள் விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. மில்லி விநாடிக்கு 200 கிலோமீட்டர். சர்வர் 3,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போய்வர 6,000, அதாவது குறைந்தது 30 மில்லி விநாடி. கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை, நடுவே பல ரவுட்டர்களும் உண்டு, அதனால் நிஜத்தில் இன்னும் கூடும். இந்த 30ஐ எந்த ரவுட்டராலும் எந்தக் கேபிளாலும் குறைக்க முடியாது.

மற்ற கன்சோல், கம்ப்யூட்டர்காரர்களோடு சேர்த்து ஆடவிடும் கிராஸ்பிளேவை ஆஃப் செய்தால் மவுஸ்காரர்கள் தொல்லை போகும், ஆனால் ஆள் குறைந்து தூர சர்வரில் மேட்ச் கிடைக்கலாம். நள்ளிரவு தாண்டி ஆடுகிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

16. விபிஎன், கேமிங் ரவுட்டர், பிங் குறைக்கும் சேவை, இவையெல்லாம்?

விபிஎன் என்பது வழியில் கூடுதலாக ஒரு இடத்துக்குப் போய்விட்டுப் போவது, ஆகவே சாதாரணமாகப் பிங் கூடும். ஒரே விதிவிலக்கு, உங்கள் கம்பெனி குறிப்பிட்ட சர்வருக்கு ஊர் சுற்றிப் பாதை வைத்திருந்தால், விபிஎன் வேறு நேர்ப்பாதையில் கொண்டுபோகலாம். 3ஆவது கேள்வியின் சோதனையில் 8.8.8.8 நன்றாக இருந்து ஒரு கேம் மட்டும் மோசமாக இருந்தால், இலவசச் சோதனைக் காலத்தில் போட்டுப் பாருங்கள். கேமிங் ரவுட்டரில் சிவப்பு விளக்கையும் எட்டு ஆன்டெனாவையும் பார்க்காதீர்கள், எஸ்க்யூஎம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

17. மொபைல் ஹாட்ஸ்பாட்டிலோ செயற்கைக்கோள் இணையத்திலோ ஆட முடியுமா?

ஹாட்ஸ்பாட்டில் முடியும், சராசரிப் பிங்கும் சில நேரம் நன்றாகவே இருக்கும், ஆனால் ஜிட்டர் படுத்தி எடுக்கும். போனை ஜன்னல் ஓரம் வைத்து, முடிந்தால் யுஎஸ்பி வழியாக லேப்டாப்புக்கும் அங்கிருந்து கேபிளில் கன்சோலுக்கும் கொடுத்தால் கொஞ்சம் அடங்கும்.

செயற்கைக்கோளில் இரண்டு வகை. பழைய வகை 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஏறி இறங்கித் திரும்பவும் ஏறி இறங்கவே கிட்டத்தட்ட அரை விநாடி, ஷூட்டரை மறந்துவிடுங்கள். ஸ்டார்லிங்க் போல சுமார் 550 கிலோமீட்டரில் சுற்றும் வகையில் தாராளமாக ஆடலாம், அவ்வப்போது ஒரு சொடுக்கு வரும்.

18. கம்பெனியிடம் புகார் சொன்னால் ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள் என்கிறார்கள்.

செய்துவிட்டே போன் போடுங்கள். "கேம் லேக் ஆகிறது" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "கேபிளில் இணைத்த லேப்டாப்பிலிருந்து, வீட்டில் வேறு எதுவும் ஓடாத நேரத்தில், ரவுட்டர் வரை 1 மில்லி விநாடி, அதற்கு அடுத்த கட்டத்திலிருந்து கடைசி வரை 6 சதவீதம் பாக்கெட் லாஸ், மூன்று நாளாக இரவு எட்டு முதல் பத்து வரை" என்று சொல்லுங்கள். பாக்கெட் போகும் பாதையைக் கட்டம் கட்டமாகக் காட்டும் ட்ரேஸ்ரூட் சோதனையின் படத்தையும் நேரத்தோடு அனுப்புங்கள். நடுவில் ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் லாஸ் தெரிந்து அதற்கு அப்பால் சுத்தமாக இருந்தால் அதைக் காட்டி வாதாட வேண்டாம், அந்த ரவுட்டர் பிங்குக்குப் பதில் சொல்ல நேரமில்லாமல் இருக்கிறது, அவ்வளவுதான்.

19. எல்லாம் செய்துவிட்டேன். கேபிள், எஸ்க்யூஎம், சர்வர் தேர்வு. 95க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது.

அப்படியென்றால் அது தூரம். இனி ஆடும் விதத்தைத்தான் மாற்ற வேண்டும். ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு எதிராளி வருவான் என்று காத்திருக்காதீர்கள், 13ஆவது கேள்வியில் சொன்னபடி பாய்ந்து வருகிறவனுக்குத்தான் சாதகம், அந்த ஆள் நீங்களாக இருங்கள். சுவருக்குத் திரும்பும்போது உங்கள் கண்ணுக்குத் தேவைப்படுவதைவிட அரை விநாடி முன்னதாகத் திரும்புங்கள். பக்கத்தில் நின்று யார் முதலில் அழுத்துகிறார்கள் என்ற போட்டி வேண்டாம், அதில் 20 பிங்காரர் ஜெயிப்பார். நடுத்தரத் தூரத்தில், இடம் மாறிக்கொண்டே, ஆள் வரும் வழியில் குண்டு வீசி ஆடுங்கள். கையெறி குண்டு வெடிக்கவே சில விநாடி ஆகும், அதில் 95 மில்லி விநாடி யாருக்கும் தெரியாது.